உன் குரலைப் புதைத்தவள் எழுதுவது

இன்று காலை ஹெட்போனைக் காதில் மாட்டியதும் உன் தைல வாசம் வந்தது. அதன் பஞ்சு உறைக்குள் நீ நெற்றியில் பூசும் தைலமும் தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்து ஊறிக் கிடக்கின்றன. புது உறை வாங்கி மேசையில் வைத்து மாதக்கணக்காகிறது. மாற்றத்தான் மனம் வரவில்லை. அந்த வாசத்தோடு உட்கார்ந்து, நம் புதுத் தொகுப்பைப் பற்றி ஊர் என்ன சொல்கிறது என்று வாசித்துக்கொண்டிருந்தேன். உனக்கும் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

ஆம், தொகுப்பு வெளிவந்துவிட்டது. 'மழை விட்ட நேரம்' என்று நீ வைத்த பெயரையே வைத்தோம். நீ, நான், கிட்டார் வாசிக்கும் லோகன் என்று மூன்று பேராகத் தொடங்கிய 'நீலக் கொழுந்து' குழுவின் இரண்டாவது தொகுப்பை நாங்கள் இரண்டு பேராக முடித்து இணையத்தில் ஏற்றினோம். நம் மாதிரி இசைக்கு வெளியுலகில் சைக்கடெலிக் பொப் என்று பேர். நீ அதைத் தலைச்சுத்துப் பாட்டு என்பாய். இந்தத் தடவை கேட்டவர்களுக்கும் ஆளுக்கொரு விதமாகத்தான் தலை சுற்றியிருக்கிறது.

கொழும்பில் ஒருவர், முதல் தொகுப்புக்கு எழுந்து ஆடினோம், இதற்குப் படுத்துத் தூங்கத்தான் முடியும் என்று எழுதியிருக்கிறார். சென்னையில் ஒருவர் பக்கம் பக்கமாகப் புகழ்ந்திருக்கிறார். இரண்டாவது பாட்டில் மலையகத்தின் மொத்த வரலாறும் கனவாகக் கரைந்து ஓடுகிறதாம். அது பதுளை பஸ் நிலையத்தில் ஸ்பிரிங்வெளி பஸ்ஸுக்காக நின்று நின்று கால் கடுத்துப்போய் நீ எழுதிய பாட்டு என்று அவருக்கு யார் சொல்வது? நீ இருந்தால் கட்டிலில் உருண்டு சிரித்திருப்பாய். பண்டாரவளையில் துணி தைக்கும் ஒரு பெண், வேலை முடிந்து திரும்பும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்பதாகவும், அப்போது பஸ் தரையில் ஓடுவது போலவே இல்லை என்றும் எழுதியிருந்தாள். அவள் ஒருத்திக்காகவே இதைச் செய்தது சரி என்றான் லோகன். உங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் மட்டும் இதற்கு வேறு பெயர். பேய்ப் பாட்டு. உங்கள் தோட்டத்துத் த்ரீவீல்காரர் மடுல்சீமைக்கு ஒரு சவாரி போகும்போது ஆசையாகப் போட்டாராம். பின் சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மா, இதை நிறுத்திவிட்டு ஒரு சாமிப் பாட்டுப் போடச் சொன்னாராம்.

இவை எதுவும் என்னைத் தொடவில்லை. பிடிக்கிறவர்களுக்குப் பிடிக்கும், மற்றவர்கள் வேறு பாட்டுக் கேட்கட்டும். ஆனால் புகழ்ந்தவர், திட்டியவர் இரண்டு தரப்பிலும் பலர் ஒன்றைச் சொல்லியிருந்தார்கள். பாடுகிறவளின் குரல் தெளிவாகக் கேட்கவில்லை, எக்கோவுக்குள் புதைத்துவிட்டார்கள் என்று. ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒலி கலந்தவளுக்குப் பாடியவள் மேல் பொறாமை, செத்தவள் வந்து ஏன் என்று கேட்கவா போகிறாள் என்ற தைரியம் என்று எழுதினார். ஒலி கலந்தவள் நான். அந்த மனுஷன் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். ஆனால் எழுதத் தொடங்கிய பதிலை நானே அழித்துவிட்டேன். சொல்லக்கூடிய ஒரே பதிலைத்தான் நீ சொல்லவிடாமல் கட்டிவிட்டுப் போய்விட்டாயே.

எக்கோ என் கண்டுபிடிப்பா என்ன? லுணுகலையில் அந்தக் கலியாணம் நினைவிருக்கிறதா? நான் வீடியோ எடுக்க வந்திருந்தேன். நீ பெண்ணின் தோழியாக வந்து மைக்கைப் பிடித்தாய். ஸ்பீக்கர்காரர் எக்கோவை முழுக்கத் திருகிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். நீ பாடிய ஒவ்வொரு சொல்லும் மண்டபத்தைச் சுற்றிவிட்டு வந்து உன் அடுத்த சொல்லின் மேல் ஏறியது. நிறுத்து நிறுத்து என்று சனம் கத்த, நீ கண்ணை மூடிக்கொண்டு, திரும்பி வருகிற உன் குரலோடு சேர்ந்து பாடிக்கொண்டே போனாய். பிறகு வியர்த்து வழிய என்னிடம் வந்து, அந்தச் சத்தத்தை மறுபடி எப்படி வரவழைப்பது என்று கேட்டாய். அது பழுது என்றேன். "பழுதுன்னா இருக்கட்டும். எனக்கு அதுதான் வேணும்" என்றாய். நம் குழு பிறந்தது அங்கேதான்.

முதல் தொகுப்பில் எக்கோவை விளையாட்டாகத் தூவினோம். இரண்டாவதற்கு உட்கார்ந்தபோது விளையாட்டு முடிந்திருந்தது. உன் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் நான்தான் இருந்தேன். கண்டியில் சத்திரசிகிச்சைக்கு நாள் வரும்வரை மாத்திரை. அந்த மாத்திரைகளை என் ஸ்டூடியோ மேசை லாச்சியில் வைத்துச் சாப்பிட்டாய். புடவைக் கடை வேலையைக் குறைத்துக்கொண்டதற்கு, கடையில் வியாபாரம் இல்லை என்று வீட்டில் கதை கட்டினாய். சொல்லிவிடு, பெற்றவளிடம் மறைக்காதே என்று எத்தனையோ தடவை சண்டை போட்டேன். "அம்மாவுக்குத் தெரிஞ்சா கொழுந்து பறிக்க மலைக்குப் போகாது. எம் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும். நாள் வரட்டும், சொல்லிக்கலாம்" என்று வாயை அடைத்துவிடுவாய்.

டவுனில் என் ஸ்டூடியோவில் ஹோர்ன் சத்தம் தாங்காமல் அந்தப் பாட்டுகளை அம்மாவிடம் கேட்டு உங்கள் வீட்டில்தானே பதிந்தோம். எல்லோரும் மலைக்குப் போனபிறகு லயம் அடங்கிக் கிடக்கும். ஜன்னலுக்குக் கம்பளியை அடித்து, தகரத்தில் மழை விடும் நேரம் பார்த்து, மைக்கை உன் வாய்க்குப் பக்கத்தில் நிறுத்துவேன். முன்பெல்லாம் ஒரு பாட்டை ஒரே மூச்சில் பாடி முடித்துவிட்டு டீ கேட்பவள், இந்தத் தடவை ஒரு வரி பாடுவாய், நெஞ்சைப் பிடித்துக்கொள்வாய், அடுத்த வரி பாடுவாய். வரிக்கு நடுவில் உன் மூச்சு இறைத்தது மைக்கில் அப்படியே விழுந்தது. மூச்சை மட்டும் வெட்டி எடுத்தால் சொல்லின் வாலும் சேர்ந்து அறுந்தது. நீதான் வழி சொன்னாய், எக்கோவை ஊற்று, மூடிக்கொள்ளும் என்று. ஊற்றினேன். குரல் தண்ணீருக்கடியில் போனது, மூச்சும் கூடவே போனது. "இந்த மூச்சு யாருக்கும் கேக்கக் கூடாது. முக்கியமா எங்கம்மாவுக்கு" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாய்.

நாள் வருவதற்கு முன்னால் நீ போய்விட்டாய். காலையில் முகம் கழுவப் போன இடத்தில் விழுந்தாய், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வந்தவர்களிடமெல்லாம் உன் அம்மா ஒன்றையே சொல்லிச் சொல்லி அழுதார். ஒருநாள் கூடப் படுக்கவில்லை, கஷ்டப்படாமல் போய்விட்டாள் என் பிள்ளை என்று. அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் மறுபடி எழுந்து மலைக்குப் போனார். அதை நான் எப்படிப் பிடுங்குவேன்?

உன் வருஷப் படையலுக்கு முந்தின வாரம் உங்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் என்னைக் கேட்டார்.

"ஊரே கேக்குதுன்னு சொன்னாங்க, நானும் போட்டுக் கேட்டேன். இந்தப் பாட்டுல எம்புள்ள எங்க இருக்காம்மா?"

படையலில் உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும் பலாக்காயும் வைப்பதாகவும், கூடவே உன் பாட்டையும் வைக்க வேண்டும் என்றும் சொன்னார். ஆனால் இந்தத் தண்ணிச் சத்தம் வேண்டாம், பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது போல இருக்க வேண்டும். பேய்ப் பாட்டு என்று சிரிக்கிற லயத்துச் சனம் அன்றைக்கு வந்து கேட்டுவிட்டுப் போகட்டும். அவர் கேட்டதில் என்ன தப்பு?

லோகனுக்கு இது லேசான காரியமாகத் தெரிந்தது. எக்கோ இல்லாத குரல் உன்னிடம் இருக்கிறதே, அதையே இணையத்திலும் போடு, உன் பேரும் தப்பிக்கும் என்றான். அவனுக்கும் நாம் சொல்லவில்லை, அவனை என்ன குறை சொல்வது. பூட்டிய ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஒவ்வொரு மூச்சாகத் தேய்த்து அழித்துப் பார்த்தேன். மூச்சுப் போன இடத்தில் உன் குரல் யாரோ மெஷினில் பேசுவது போலாகிவிட்டது. ஒன்று, உனக்குக் கொடுத்த வாக்கு. இல்லையென்றால், உன் அம்மா கேட்ட குரல். இரண்டையும் சேர்த்து வைக்க எனக்குத் தெரிந்த தொழிலில் வழியில்லை. ரெக்கோர்டிங் அழிந்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என முடிவு செய்து பஸ் ஏறினேன். ஆனால் வெறுங்குரலைப் போனில் ஏற்றியும் வைத்திருந்தேன். ஏன் ஏற்றினேன் என்று என்னைக் கேட்காதே.

றோட்டில் இறங்கி உங்கள் லயத்துக்குப் போகும் நீளப் படிக்கட்டை ஏறி வீட்டுக்குள் நுழைந்தபோது, உன் படத்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார் அம்மா. திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை ஆசை இருந்தது. அழிந்துவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லையடி. மன்னித்துக்கொள். போனைச் சின்ன ஸ்பீக்கரில் மாட்டிப் போட்டுவிட்டேன். அம்மா கட்டிலோரம் உட்கார்ந்து காதை ஸ்பீக்கரோடு ஒட்டவைத்தார். நீ பாடினாய். ஒரு வரி, மூச்சு. ஒரு வரி, மூச்சு. நான் சிமெந்துத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இதோ கேட்டுவிடுவார், என் பிள்ளைக்கு என்ன இருந்தது, எத்தனை நாளாக இருந்தது, உனக்குத் தெரியுமா என்று கேட்டுவிடுவார் என்று காத்திருந்தேன்.

பாட்டு முடிந்ததும் அம்மா நிமிர்ந்தார். கண் நிறைந்திருந்தது. முகத்தில் கோபமும் இருந்தது.

"ஏம்மா, படியேறி வந்த புள்ளைய இப்படியா உடனே பாட வைக்கிறது? மூச்சு வாங்குது பாரு. கொஞ்ச நேரம் உக்கார வச்சிருக்கக் கூடாதா?"

உங்கள் லயத்துக்கு வருகிற எவரும் மூச்சு வாங்காமல் வாசல் மிதித்ததில்லை. தபால்காரர், கங்காணி, சீர் கொண்டுவரும் சம்பந்தி எல்லோரும் நெஞ்சு ஏறி இறங்கத்தான் உள்ளே வருவார்கள், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்த பிறகுதான் பேச்சு. பெற்ற தாய்க்குக்கூட உன் மூச்சில் அந்தப் படிக்கட்டுதான் கேட்டது. ஆனால் பாட்டைப் பதிந்த அன்று நீ எங்கேயும் ஏறி வரவில்லை. காலையிலிருந்து அதே கட்டிலில், முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்திருந்துதான் பாடினாய்.

"ஆமாங்கம்மா. நான்தான் அவசரப்படுத்திட்டேன்" என்றேன்.

அம்மா என்னைக் கொஞ்சம் திட்டினார். எனக்கு அது தேவையாக இருந்தது. பிறகு இதையே போடு, இப்போதுதான் என் பிள்ளை வீட்டுக்குள் வந்திருக்கிறாள் என்றார்.

படையலன்று போட்டோம். முற்றம் நிறையச் சனம். பேய்ப் பாட்டு என்றவர்களும் வந்திருந்தார்கள். உன் முதல் மூச்சு கேட்டதும், ஏறி வந்த களைப்போடு பாடுகிறாள் பாவம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பாட்டு பாதியில் இருக்கும்போது அம்மா எழுந்து போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து உன் படத்துக்கு முன்னால், குழம்புக்குப் பக்கத்தில் வைத்தார். லோகன் அதற்குமேல் கேட்க மாட்டாமல் வெளியே போய்விட்டான். நான் போகவில்லை, கடைசி வரி வரைக்கும் நின்றேன்.

இணையத்தில் இருப்பதை நான் மாற்றவில்லை. அது நீ விரும்பியபடி தண்ணீருக்கடியிலேயே கிடக்கிறது. உன் குரலைப் புதைத்தவள் என்று இன்றைக்கும் புதிதாக ஒருவர் எழுதியிருக்கிறார், எழுதிக்கொள்ளட்டும். எனக்குக் கனக்கிறது அதுவல்ல. உன் அம்மா இன்னும் வருகிறவர்களிடமெல்லாம் நீ கஷ்டப்படாமல் போனதைச் சொல்கிறார். நான் பக்கத்தில் இருந்தால் என் பக்கம் திரும்பி, "அப்படித்தானம்மா, நீதான கூடவே இருந்த?" என்று கேட்கிறார். ஒவ்வொரு தடவையும் ஆமாங்கம்மா என்கிறேன்.