றஜனியின் மாடுகளும் நீ எடுத்த படமும்

வளலாய், அச்சுவேலி
மார்கழி 18

அன்பு மகள் நிவேதனாவுக்கு, சந்நிதி முருகன் காவலில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் அந்த நோர்வேக் குளிரிலும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே வெள்ளம் வடிந்துவிட்டது, கிணறும் இறைத்தாயிற்று, அம்மாவின் முழங்கால் நோவும் பரவாயில்லை, ஆனால் மூன்று நாளாக அவள் என்னோடு கதைப்பதில்லை, தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறாள். அதற்குக் காரணம் நான்தான். போனில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன்.

புயலன்று மாடு மேய்கிற தரவையில் தண்ணீர் ஏறி, எங்கள் சிவப்பியும் பக்கத்து வளவு றஜனியின் இரண்டு பசுக்களும் கட்டிய கயிற்றோடேயே செத்துப்போனது உனக்குத் தெரியும். புருஷனை இழந்த அவள் அந்தப் பாலை விற்றுத்தான் மகள் தனுசியாவைப் படிப்பிக்கிறாள் என்பதும் தெரியும். உனக்குச் சொல்லாதது ஒன்று இருக்கிறது. விடிந்ததும் தனுசியா போனோடு ஓடிவந்து, செத்த மாடுகளைப் படம் எடுத்து வைப்போம், நட்டஈட்டுக்குக் கேட்பார்கள் என்றாள். நான் அவள்மேல் பாய்ந்தேன். பால் தந்த சீவன் வயிறு ஊதிக் கிடக்கிறதைப் படம் பிடிச்சுக் காட்டிப் பிச்சை கேக்கிறதோ, உனக்கு வெக்கமில்லையோ என்று பேசிப் பிள்ளையை அழப் பண்ணினேன். மூன்றுக்கும் மஞ்சள் பூசி, திருநீறு இட்டு, மதியத்துக்கு முன்னமே புதைக்க வைத்தேன். தொண்ணூற்றைந்துச் சண்டையில் ஐந்து மாடுகளை அவிழ்த்துவிட்டு ஊரைவிட்டு ஓடினோமே, அப்போது எவன் நட்டஈடு தந்தான் என்ற கோபம் எனக்கு. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை, போகவும் மாட்டாது. ஆனால் அது என்னுடைய கோபம், அதற்குள் றஜனியின் மாடுகளையும் போட்டுப் புதைத்திருக்கக் கூடாது.

போன திங்கட்கிழமை பிரதேச செயலகத்துக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள், அம்மாவின் கரைச்சல் தாங்காமல் நானும் போனேன். சிவப்பிக்கு முந்தின மாதம் ஊசி போட்டது மிருக வைத்தியரின் பதிவில் இருந்தது. செத்ததுக்கு என்ன அத்தாட்சி என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை, ஐயா பொய் சொல்லமாட்டார், எழுதுங்கோ என்று உத்தியோகத்தரே சொல்லிவிட்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்தது றஜனி. அவளுடைய மாடுகளுக்குப் பதிவும் இல்லை, படமும் இல்லை. படம் எடுக்காமல் புதைக்கச் சொன்னது ஆரம்மா என்று அவர் கேட்க, அவள் என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தேன். ஒருதரும் சொல்லேல்லை ஐயா, எனக்குத்தான் தெரியேல்லை என்றாள். பின்னால் நின்ற பஞ்சலிங்கம், ரெண்டு மாடும் கனடாவுக்குப் போயிட்டுதாக்கும் என்று பகிடி விட, வரிசை முழுக்கச் சிரித்தது. அப்போதும் நான் படிவத்தை மடித்துக்கொண்டே நின்றேன். அம்மா இதைக் கேள்விப்பட்டு, உந்த வீறாப்பெல்லாம் வீட்டுக்குள்ளை மட்டும்தான் என்றாள், அதுதான் அவள் என்னோடு கடைசியாகக் கதைத்தது.

நேற்று நான் தனியப் போய் அந்த உத்தியோகத்தரைக் கேட்டேன். மாடு இருந்ததுக்கு ஒரு படம், செத்ததுக்கு ஒரு சாட்சி, ரெண்டும் வாற வெள்ளிக்கிழமைக்குள்ளை வந்தால் எழுதலாம் என்கிறார். சாட்சி நான். புதைக்கச் சொன்னவனும் நானே என்று, பஞ்சலிங்கம் நிற்கிற அதே வரிசையில் நின்று சொல்லிக் கையெழுத்து வைப்பேன். படம் உன்னிடம். போன தைக்கு வந்து நின்றபோது, பட்டிப்பொங்கலன்று மாலை போட்ட இரண்டு மாடுகளுக்கும் நடுவில் றஜனியை நிறுத்தி எடுத்தாயே, அதுதான்.

இந்தக் கடிதத்தைப் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பப் போகிறவள் தனுசியாதான். அனுப்புமுன் வாசிப்பாள். வாசிக்கட்டும், அவளிடம் நேரே சொல்ல எனக்கு இன்னும் முடியவில்லை.

பனியில் காரை மெதுவாக ஓடு, பிள்ளைகளுக்குக் காதை மூடிவிடு. எல்லோரும் நோய் நொடி இல்லாமல் நீடூழி இருங்கள். படத்தை மறந்துவிடாதே. மாடுகளுக்குக் கண்ணூறு படும், உடனே அழித்துப்போடு என்று அன்று உன்னை ஏசினேன், நீயும் ஓம் அப்பா என்றாய். சின்ன வயதிலிருந்தே நீ என் சொல்லைக் கேட்பதில்லை என்று ஊரெல்லாம் குறை சொல்லித் திரிந்தவன் நான். அன்றும் நீ கேட்காமல் விட்டிருக்க வேண்டும் என்று சந்நிதியானைக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்

உன் அப்பா,
ஏ. நாகலிங்கம்