நீ போட்டுக்கொள்ளாத ஊசி

என் கண்ணான அக்காவுக்கு,

போத்தனூர் கிளினிக்கில் உன் நாற்காலியில் இப்போது நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஊசி போடும்போது உன்னைப் போலவே குழந்தைகளிடம் கதை கேட்கிறேன். மூளைக்காய்ச்சல் மறுபடி பரவுகிறது. தடுப்பூசி இந்த முறையும் ஒரு சின்னப் பெட்டிதான் வந்தது.

போன முறை வரிசையை நீதான் முடிவு செய்தாய். மில் மேனேஜர் வந்து, "ஏனுங்க அம்மணி, மொதலாளி ஊட்டுக்குக் கொஞ்சம் எடுத்து வெச்சுருங்க" என்றார். "கொழந்தைகளுக்கு எடுத்து வெச்சாச்சுங்க. மொதலாளியும் கொழந்தையா இருந்தாக் கூட்டிட்டு வாங்க" என்றாய். அவரே சிரித்துவிட்டார்.

கடைசியில் ஓர் ஊசிக்கு மருந்து மிஞ்சியது. ஆயா மரகதக்காவைப் போட்டுக்கொள்ளச் சொன்னாய். அவர் உன்னைச் சொன்னார். நம் ஊர்ப் பந்தியில் "நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்க" என்றே சோறு ஆறிப்போகுமே, அப்படி. அதற்குள் ரயில்வே காலனியிலிருந்து ஒருத்தி பிள்ளையோடு ஓடிவந்தாள். உங்கள் இருவருக்கும் நிம்மதி. "நமக்கு அடுத்த பெட்டில பாத்துக்கலாங்க" என்றாய்.

அடுத்த பெட்டி வந்தபோது நீ இல்லை. காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிருந்தது.

இந்த முறை டாக்டர் என்னைக் கேட்டார், யாருக்கு முதலில் என்று. எத்தனையோ படித்திருக்கிறேன், ஒரு வரியும் உதவிக்கு வரவில்லை. உன் முகம்தான் வந்தது. "மரகதக்காவுக்கும் எனக்குமுங்க" என்றேன்.

மரகதக்கா பதறிப்போனார். "கொழந்தைகளுக்குப் போடுங்க அம்மணி. நாம அப்பறம் பாத்துக்கலாம்."

"நாம படுத்துட்டாக் கொழந்தைகளப் பாக்கறது யாருங்க?"

"உங்கக்கா இப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க."

"சொல்லியிருந்தா இன்னைக்கு இங்க இருந்திருப்பாங்களேங்க."

அவர் கையை நீட்டினார். என் முறை வந்தபோது, நீ பிடித்துக்கொள்வாயே, அதுபோல என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மாலையில் மருந்து தீர்ந்தது. வரிசையில் ஓர் அம்மா மட்டும் நின்றாள், இரண்டு பிள்ளைகளோடு. எங்கள் இரண்டு ஊசிகள், அவளுடைய இரண்டு பிள்ளைகள். "பரவால்லீங்க, பொறவு வாரோம்" என்று போனாள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய், அக்கா? என்மேல் கோபமா?

தினமும் வேலை முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். நேற்றும் சூடில்லை. அடுத்த பெட்டி திறந்ததும் முதல் இரண்டு ஊசிகள் அவர்களுக்குத்தான். வீட்டுக்கே போய் நான் போடுவேன். போடுவதற்கு நான் இருப்பேன், அக்கா.

ஊசி என்றால் இன்னும் கண்ணை மூடிக்கொள்ளும்
உன் தங்கச்சி