கடலில் ஆள் நிற்கும்போது வாசித்த அத்தியாயம்

புரட்டாதி, செவ்வாய்

நான் எழுதும் மாயராச்சியக் கதையின் கடைசி அத்தியாயத்தை இன்று காலை அண்ணன் பெண்சாதி மச்சாளுக்கு வாசித்தேன். அரசன் கடல்நாகத்தோடு போரிட்டுப் படகோடு மூழ்குகிறான். அரசி கரையில் விளக்கேற்றி வைத்துக் காத்திருக்கிறாள். கருவாடு புரட்டிக்கொண்டிருந்த மச்சாள் சட்டென்று எழுந்தாள்.

“நிப்பாட்டுங்கோ மச்சாள்! இவர் கடல்ல நிக்கிறார்.”

மீன்பிடிக் கிராமமான சல்லியில் பிறந்தவள் நான். படகு வெளியே நிற்கும்போது கரையில் யாரும் மூழ்கின கதை கதைப்பதில்லை. அதை எப்படி மறந்தேன்? அங்கே நிற்பது என் சொந்த அண்ணன்.

பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அரசனைப் பிழைக்கவைத்து எழுதிப் பார்த்தேன். சப்பென்று இருந்தது, வெட்டிவிட்டேன்.

இரண்டு மணிக்கு அண்ணன் பெட்டி நிறையப் பாரை மீனோடு வந்தார். அவர் குளிக்கப் போனதும் மச்சாள் தேத்தண்ணியோடு வந்து கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“இனி வாசியுங்கோ. இப்ப அவன் சாகட்டும்.”

வாசித்தேன். மூக்கைத் துடைத்துத் துடைத்து அழுதாள். கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் அழுதாள். இவ்வளவு நிம்மதியாக அழுத ஒருத்தியை நான் கண்டதில்லை.

“அரசி ஏத்தின விளக்கை மட்டும் நூத்துப்போடாதேங்கோ, அது எரியட்டும்” என்றாள்.

ஓம் என்றேன். முடிவை இனி மாற்றமாட்டேன். விடியற்காலை அண்ணன் மறுபடியும் கடலுக்குப் போகிறார். கதை எழுதின கொப்பியை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.