சீட்டில் விழுந்த பெயர்

1981, ஆடி 14, இரவு.

பக்கத்து ஊரோடு போட்ட வலைச் சண்டைக்கு ஓர் ஆளையாவது ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் குப்பத்துக்குள் நுழைவோம் என்றது போலீஸ். ஏரியில் வலை போடும் இடத்துக்குச் சீட்டுக் குலுக்குவதுபோல் இதற்கும் குலுக்கினோம். தங்கை மகன் முருகன் பெயர் வந்தது. சண்டையன்று அவன் ஊரிலேயே இல்லை.

போலீஸும் ஊரும் கூடிய அமைதிக் கமிட்டியின் உறுப்பினர், இந்த ஏரிக்கே சக்கரவர்த்தி, நான்தான் அவனை ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டேன். “சாயங்காலம் அனுப்பிடுறேன்” என்றார் இன்ஸ்பெக்டர். சாயங்காலம் போய்க் கேட்டால், “கமிட்டியாவது கத்திரிக்காயாவது, போய்யா” என்கிறார். உள்ளே முருகன் அலறினான். நான் இருமினால் வங்காள விரிகுடாவே பின்வாங்கும். இன்று இருமக்கூட இல்லை.

தங்கை கேட்டாள்: “இன்னாண்ணா, புள்ளைக்குச் சோறு போட்டாங்களா?”

“வஞ்சிரக் கொழம்பும்மா. இன்ஸ்பெக்டரே கையால ஊத்துனாரு.”

அவள் சிரிக்கவில்லை. காலையில் ஸ்டேஷனுக்குத் தானும் வருகிறாளாம்.