பாலத்தின் நடுவே ஒரு மேடு

ஓசூர்
12.1.2004

மரியாதைக்குரிய மாப்பிள்ளை கமலக்கண்ணன் அவர்களுக்கு,

மாமன் அண்ணாதுரை எழுதுவது. இங்கு அனைவரும் நலம். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் சுப்ரியா, ஏழு மாத வயிற்றோடு மாடிப்படி ஏறுகிறாள். சொன்னால் கேட்பதில்லை. அந்தக் குணம் கல்யாணத்துக்குப் பிறகு வந்தது.

பாகலூர் பக்கம் தொழிற்சாலை முதலாளிகள் சங்கத்துக்காக நான் கட்டும் பாலம் முடிந்துவிட்டது. கோபுரத்திலிருந்து வரும் கேபிள்களைத் தாங்கள் போட்டு அனுப்பிய கணக்குப்படியே இழுத்துக் கட்டினேன். பலன், நடுவில் மேடு தட்டி நிற்கிறது. ஜூஜுவாடியிலிருந்து வந்த ஒரு லாரிக்காரன் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, பாலம் கூன் போட்டுகினு கீது?" என்று கேட்டான். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? கிருஷ்ணகிரியில் நான் பதித்த கிரானைட் தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். தாங்கள் சென்னையில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பாலம் கட்டுகிறவர். கோலிக்குண்டைப் பற்றித் தங்களுக்கு என்ன கவலை?

திறப்பு விழா நெருங்குகிறது. கேபிளைக் கொஞ்சம் தளர்த்தினால் சமமாகிவிடும். சம்மதம் எழுதி அனுப்பவும். மாப்பிள்ளை என்ற மரியாதைக்காகக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
அண்ணாதுரை


சென்னை
19.1.2004

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். அந்த மேடு பிழையல்ல. வேண்டுமென்றே வைத்தது.

நீங்கள் கருங்கல்லோடு வாழ்ந்தவர். அது அறுத்த அளவிலேயே கிடக்கும். கான்கிரீட் அப்படிக் கிடக்காது. ஈரம் உலர உலர, பாரம் அழுத்த அழுத்த, வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். அது சுருங்கச் சுருங்கக் கேபிளின் இழுப்பு குறைந்து, பாலத்தின் நடு தாழும். அந்தத் தாழ்வை எதிர்பார்த்துத்தான் இப்போதே தூக்கி வைத்திருக்கிறோம். சில வருடங்களில் தானாகவே சமத்துக்கு வரும். இன்று தளர்த்திச் சமமாக்கினால் பிறகு பள்ளம்தான்.

இதைப் போன மாதமே போனில் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். புரியாதது குற்றமில்லை மாமா. புரிந்துகொள்வதைக் கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவரிடம் பாலத்தை ஒப்படைத்தது சங்கத்தின் குற்றம். கேபிளில் கை வைக்காதீர்கள். வைத்தால் சங்கத்துக்கு எழுதுவேன்.

சுப்ரியாவை மாத்திரை தவறாமல் போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கமலக்கண்ணன்


ஓசூர்
2.4.2004

மாப்பிள்ளை அவர்களுக்கு,

பெண் குழந்தை பிறந்து வீடே கலகலப்பாக இருக்கிறது. குழந்தைக்குத் தங்கள் மூக்கு. வளர வளரச் சரியாகும் என்கிறார்கள்.

திறப்பு விழா ஜாம்ஜாமென்று நடந்தது. தங்களைத் தேடியவர் எவரும் இல்லை. விழாவுக்கு முன் என் குவாரியிலிருந்து கல் ஏற்றிய லாரிகளைக் கொண்டுவந்து அந்த மேட்டின் மேல் வரிசையாக நிறுத்தினேன். மேஸ்திரி திம்மப்பன், "ஒரே அமுக்கா அமுக்கிடலாம் சாமி" என்றான். அமுங்கியது. லாரிகள் போனதும் மறுபடி எழுந்துகொண்டது. தங்களைப் போலவே எதிர்த்துப் பேசும் பாலம். அப்புறம் கேபிள் இழுக்கும் ஜாக்கை வைத்து எல்லாக் கேபிள்களையும் தளர்த்தினோம். இப்போது பாலம் என் வீட்டு ஹால் மாதிரி இருக்கிறது. வேறொரு இன்ஜினியர் வந்து பார்த்துச் சரி என்று கையெழுத்தும் போட்டுவிட்டார்.

தாங்கள் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தை விழா மேடைக்குப் பின்னால் எல்லோரும் படித்தார்கள். மாமனார் மேல் மருமகனுக்கு என்ன வயிற்றெரிச்சல் என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

குழந்தையைப் பார்க்க வரும்போது பாலத்தின் மேல் ஒரு நடை நடந்து பாருங்கள்.

அண்ணாதுரை


ஓசூர்
8.11.2008

மாப்பிள்ளை கமலக்கண்ணன் அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல். பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள் என்று கேட்டு மகிழ்ந்தேன்.

பாலத்தின் நடுவில் இந்த மழைக்குத் தண்ணீர் தேங்கிவிட்டது. அடியில் கீறலும் விட்டிருக்கிறதாம். லாரிகளைத் தடுத்துவிட்டார்கள். அன்றைக்கு மேடையில் எனக்கு மாலை போட்டவர்கள் இன்றைக்கு என் காரைக் கண்டால் கதவைச் சாத்துகிறார்கள். இந்த ஊரில் எனக்கு இருப்பது பெயர் ஒன்றுதான்.

ஆரம்பத்தில் போட்ட கணக்கிலேயே பிழை இருந்தது என்று தாங்கள் ஒரு வரி எழுதித் தந்தால் போதும். தாங்கள் மாதச் சம்பளக்காரர். ஒரு தப்புக் கணக்கினால் குடி முழுகிவிடாது. அப்பன் தெருவில் தலைகுனிந்து நடப்பதைச் சுப்ரியா தாங்கமாட்டாள். அவளுக்காகவாவது எழுதுங்கள்.

அண்ணாதுரை


சென்னை
17.11.2008

மாமா அவர்களுக்கு,

அந்த வரியை எழுத மாட்டேன். என் கணக்கு சரி. உங்களுக்கும் அது தெரியும். தெரிந்தே கேட்கிறீர்கள்.

சுருங்கிய கான்கிரீட்டைத் திருப்ப முடியாது. ஆனால் கேபிள்களை ஒவ்வொன்றாக மறுபடி இழுத்து, கீறல்களை அடைத்து, பாலத்தை ஓரளவு தூக்கி நிறுத்தலாம். எப்படி என்று வரைந்து நேராகச் சங்கத்துக்கே அனுப்புகிறேன். அந்த வேலையை உங்களிடம் தரக்கூடாது என்றும் எழுதுகிறேன். கல்லை வைத்து அமுக்கிய கையில் மறுபடி ஜாக்கைக் கொடுக்க எனக்குத் தைரியமில்லை.

உங்கள் கடிதத்தைச் சுப்ரியாவிடம் காட்டவில்லை. அவள் பெயரை நீங்கள் இழுத்த விதம் அவளுக்குத் தெரிய வேண்டாம்.

கமலக்கண்ணன்

அப்பா, உங்கள் கடிதத்தை நான் படித்துவிட்டேன். இவர் இரண்டு கடிதம் எழுதினார். நீங்கள் கேட்ட வரியை எழுதி, எனக்காகவாம், உறையில் போட்டு ஒட்டியும் வைத்திருந்தார். இந்தக் கடிதத்தையோ மேசை டிராயருக்குள் தள்ளிவிட்டார். ஒட்டி வைத்திருந்த அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டது நான். இதைத் தபாலில் போடுவதும் நான்தான்.

சுப்ரியா