மதினி கேட்ட தொலைநோக்கி

மதினி,

இன்று சாயங்காலம் பெட்டியைப் பிரித்ததும் புது ஸ்பாஞ்சும் பெயின்டும் கலந்த அந்த வாசனை குப்பென்று வந்தது. உங்களுக்குப் பிடித்த வாசனை. நம் எட்டு அங்குலக் கண்ணாடித் தொலைநோக்கி வந்த அன்று பெட்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்துவிட்டு, "பச்சப்புள்ள வாசத்துக்கு அடுத்து இதுதான்த்தா" என்றீர்கள். வீட்டில் இரண்டு கிறுக்குகள் ஒன்று சேர்ந்துவிட்டதாக அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

இப்போது வாங்கியிருப்பது சின்ன லென்ஸ் தொலைநோக்கி. ஸ்டாண்டோடு சேர்த்து ஒரு கையில் தூக்கிவிடலாம். நீங்கள் கேட்டது இதைத்தான். இரண்டு வருஷம் கழித்து வாங்கியிருக்கிறேன். என் மேலேயே எனக்குக் கோபமாக வருகிறது.

எட்டு அங்குலத்தைக் கொல்லைக்குக் கொண்டுவர இரண்டு பேர் வேண்டும். நீங்கள் அடிப்பெட்டி, நான் குழாய். உங்கள் இதயத்தில் வால்வு பழுது என்று தெரிந்து, ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான், கையோடு எடுத்துப் போகிற மாதிரி இரண்டாவதாக ஒன்று வேண்டும் என்ற பேச்சு வந்தது. அதே சமயத்தில் அந்த வால்நட்சத்திரமும் வந்தது. சூரியன் விழுந்ததும் மேற்கே தாழ்வாகத் தெரியும், கொஞ்ச நாள்தான் இருக்கும் என்றார்கள். கோம்பையில் இருந்துகொண்டு மேற்கே தாழ்வாக எதைப் பார்ப்பது? நமக்கு மேற்கு என்றால் மலைதான். வானம் இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் அது விழுங்கிவிடும். கிழக்கே தள்ளிப் போனால் மலை தணிந்து தெரியும், கால் மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். அதற்கு ஸ்கூட்டியில் வைத்துக் கொண்டுபோகிற ஒன்று வேண்டும்.

நீங்கள் லென்ஸ்தான் என்றீர்கள். "கண்ணாடியத் தூக்கிக்கிட்டு நம்ம ரோட்டுல போனா அது ஒரு பக்கம் திரும்பிக்கிரும்த்தா. லென்ஸுன்னா ஆட்டத்துக்குத் தாங்கும்." நான் ஒத்துக்கொள்ளவில்லை. மேசையில் வைக்கிற ஐந்து அங்குலக் கண்ணாடிதான் வெளிச்சத்தைக் கூடுதலாக வாங்கும் என்று நின்றேன். ஆபீஸ் விட்டு வந்ததும் செல்போனும் நோட்டுமாக உட்கார்ந்து, எடை, நீளம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தே மூன்று வாரத்தை ஓட்டினேன். "மாப்பிள்ளை பாக்கக்கூட இம்புட்டு நாள் ஆகாது. எனக்கு ஆஸ்பத்திரிக்கு நாள் குறிச்சிட்டாக, ஞாபகம் இருக்கா?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டீர்கள்.

கடைசியில் என் பிடிவாதம்தான் ஜெயித்தது. கண்ணாடி வீட்டுக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலையில் உங்களை மதுரையில் சேர்க்க வேண்டும். நம் கையில் இருந்தது அந்த ஒரு சாயங்காலம்.

போகவே கூடாது என்று அண்ணன் கத்தினார். நீங்கள் அதைக் காதில் வாங்காமல் ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்தீர்கள். தொலைநோக்கியை நம் இருவருக்கும் நடுவே வைத்துக் கட்டினோம். உத்தமபாளையத்துக்கு முன்னால் ஒரு குழியில் வண்டி இறங்கி ஏறியது. "மெல்ல!" என்று நீங்கள் அதட்டினீர்கள். உங்கள் நெஞ்சுக்கு என்ன ஆயிற்றோ என்று நான் பதறித் திரும்பினால், நீங்கள் தொலைநோக்கியைத் தடவிக்கொண்டிருந்தீர்கள்.

ஊர் தாண்டி ஒரு திராட்சைத் தோட்டத்து ஓரம் இறங்கியபோது சூரியன் போய்விட்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது. மேசையில் வைக்கிற தொலைநோக்கியை வாங்கிய மகராசி மேசையை மறந்துவிட்டேன். மூன்று வாரம் நோட்டுப் போட்டு எழுதியவளுக்கு இது தோன்றவில்லை. ஓரத்தில் கிடந்த காலித் திராட்சைப் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் வைத்தேன். காற்று ஒரு தட்டுத் தட்டினால் பெட்டி ஆடியது, வானமே ஆடியது.

"தெரியுதாத்தா?"

"இருங்க மதினி."

"மலைகிட்ட வந்திருமே. தெரியுதா?"

முட்டிபோட்டுத் தேடினேன். ஐந்து நிமிஷம் போயிருக்கும். பிறகு சட்டென்று அது கண்ணுக்குள் வந்து நின்றது. "ஆத்தாடி, வந்திருச்சு!" என்று கத்தினேன். நீங்கள் என் பக்கத்தில் வந்து நின்றீர்கள்.

நான் நகரவில்லை, மதினி.

நீங்கள் சொன்னது போலவே குழியில் குலுங்கி, கண்ணாடி திரும்பியிருக்க வேண்டும். எவ்வளவு திருகினாலும் மசங்கலாகவே இருந்தது. "ஒரு நிமிஷம், தெளிவா வச்சுத் தாரேன்" என்று சொல்லிச் சொல்லித் திருகினேன். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி ஆசை. கண்ணை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. பிறகு நகர்ந்தேன். நீங்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தீர்கள், மூச்சு வாங்கியது. வெகுநேரம் பார்த்தீர்கள்.

"பாத்துட்டேன்த்தா. நல்லா இருந்துச்சு" என்று நிமிர்ந்தீர்கள்.

நீங்கள் வண்டிப் பக்கம் போன பிறகு நான் குனிந்து பார்த்தேன். வட்டத்துக்குள் மலை முகட்டு மரங்கள் மட்டும் தலைகீழாகத் தொங்கின. நீங்கள் பார்த்த பிறகு அது மறைந்ததா, அதற்கு முன்பா? வீடு வரும்வரை நாக்கின் நுனியில் அந்தக் கேள்வி நின்றது. கேட்கப் பயமாக இருந்தது. நல்லபடியாகத் திரும்பி வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நான்காம் நாள் உங்களை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

அந்த ஐந்து அங்குலத்தை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

இன்று வெளிச்சம் இருக்கும்போதே புதுசைக் கொல்லையில் நிறுத்தி, சரிபார்ப்பதற்காக மலை உச்சியில் ஒரு மரத்தை நோக்கி வைத்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் தொலைநோக்கிப் பக்கம் எட்டிப் பார்க்காத அண்ணன் வந்தார். என்ன தோன்றியதோ, குனிந்து கண்ணை வைத்தார்.

"ஏத்தா, இதுல மரம் நேரா நிக்குது? தலைகீழாத் தொங்குச்சுன்னுல்ல அவ சொன்னா."

"மதினியா? எப்பண்ணே?"

"ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்ன. வாலு நட்சத்திரத்தப் பாத்தியான்னு கேட்டேன். 'எங்கன பாக்க? மலையும் மரமுந்தான் தலைகீழாத் தொங்குச்சு'ன்னு சிரிச்சா. 'அவகிட்ட மட்டும் சொல்லிறாதீக, மனசு ஒடிஞ்சு போவா. அவளாச்சும் கண்ணாரப் பாத்தாளே'ன்னா."

சொல்லிவிட்ட பிறகுதான் அண்ணனுக்கு உறைத்தது. உள்ளே போய்விட்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

உங்களுக்குச் சேர வேண்டிய ஒன்று என்னிடம் இருக்கிறது, மதினி. யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். மசங்கலாகத்தான் இருந்தது. கரும்பலகையில் எழுதியதைக் கையால் துடைத்தால் ஒரு வெள்ளைத் தீற்றல் நிற்குமே, அப்படி. கண்ணாடியில் எல்லாம் தலைகீழ் என்பதால் தலை மேலே, வால் கீழே. தலைப் பக்கம் லேசான மஞ்சள். வால் வட்டத்துக்குள் அடங்காமல் விளிம்பைத் தாண்டிப் போனது. மலை மேலேயிருந்து கறுப்பாக இறங்கி வந்து தலையை மூடியது. அதற்குப் பிறகும் வால் கொஞ்ச நேரம் நின்றது; நுனி மட்டும் மிஞ்சியபோதுதான் கண்ணை எடுத்தேன். தலை மறைந்தபோதாவது நான் நகர்ந்திருக்கலாம்.