பிரகாசி தட்டினால்

மரியே வாழ்க

ஈசூன், சிங்கப்பூர்.

மரியாதைக்குரிய அருளப்பன் மச்சானுக்கு, உங்கள் தங்கை பிரகாசியின் புருஷன் சவரிமுத்து எழுதிக்கொண்டது. சேசுவுக்குத் தோத்திரம்.

மச்சான், சுகமாக இருக்கிறீர்களா? காது எப்படி? அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்ததா? போனிலேயே பேசலாம்தான். ஆனால் உங்களுக்குக் கேட்கிற மாதிரி நான் பேசினால், கீழே காப்பிக் கடையில் இருக்கிறவர்கள் பதில் சொல்கிறார்கள். அதனால்தான் காகிதம்.

ஈஸ்டர் அன்று வீடியோவில் நீங்கள் பிரகாசியிடம், “ஊருக்கு வந்துடுறியாம்மா? மருமக உன்னைப் பாத்துக்குவா” என்று கேட்டீர்கள். அவள் சரியென்று தலையை ஆட்டினாள். பக்கவாதம் வந்து பேச்சு நின்றதிலிருந்து அவள் எதற்கும் அவ்வளவு தெளிவாகத் தலையாட்டி நான் பார்த்ததில்லை. உடனே டிக்கெட் போடச் சொன்னீர்கள். நான் இன்னும் போடவில்லை. ஏன் என்று சொல்வதற்குத் தவக்காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

லூர்து மாதா கோயிலில் தமிழ்த் தியானம் வைத்தார்கள். லியோ சாமியார் பிரசங்கத்தில், மடத்துத் துறவிகளுக்கு ஒரு ஒழுங்கு இருப்பதுபோல வீட்டில் இருக்கிறவர்களும் ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். எப்போது எழுவது, எப்போது ஜெபிப்பது, யாருக்கு என்ன செய்வது என்று எழுதிவைத்து அதன்படி நடந்தால் ஆத்துமா வளருமாம். எனக்குப் பிடித்துப்போயிற்று. ஜாலான் புசாரில் நெய்னா முகம்மது முதலாளியின் இரும்புக் கடையில் காலமெல்லாம் வேலை பார்த்தவன் நான். அங்கே ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு பெட்டி உண்டு. ஓய்வு பெற்ற பிறகு என் நாளுக்குத்தான் பெட்டியே இல்லாமல் கிடந்தது.

போன வருஷத்துக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரே மூச்சில் எழுதினேன். விடியலில் ஜெபமாலை, ரயிலேறிப் போய்ப் பூசை, மத்தியானம் திரிகால ஜெபம், பிறகு சிலுவைப் பாதை, பொழுது சாய்ந்ததும் மறுபடி ஜெபமாலை, புதனும் வெள்ளியும் உபவாசம். நான் பூசைக்குப் போகும்போது எதிர்வீட்டு ஜைனப்தான் வந்து பிரகாசியிடம் உட்காருவாள். சுவரில் தாளைப் பார்த்துவிட்டு, “அண்ணே, சாமியாராப் போகப்போறீங்களா? அவங்களே மத்தியானம் ஒரு தூக்கம் போடுவாங்க லா” என்றாள்.

டம்ளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாய் பேச முடியாததால் பிரகாசிக்கு ஏதாவது வேண்டுமென்றால் டம்ளரைக் கட்டில் கம்பியில் தட்டுவாள். நீங்கள் சீராகக் கொடுத்ததுதான், உங்கள் அப்பா பெயர் வெட்டின எவர்சில்வர் டம்ளர். மாமனார் சத்தம் போட்ட மாதிரியே இருக்கும். தண்ணீருக்கு ஒரு தட்டு, புரட்டிப் படுக்கவைக்க இரண்டு தட்டு, கோபம் வந்தால் மாடி முழுக்கக் கேட்கும்.

ஜெபமாலையில் பத்து மணி கொண்ட ஒரு பத்து பாதியில் முறிந்தால் அந்தப் பத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்று நம் உபதேசியார் பிரம்போடு நின்று சொல்லிக்கொடுத்தார். உங்கள் முதுகுக்கும் அது தெரியும். அதனால் பத்து ஓடும்போது அவள் தட்டினால் நான் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டுவேன். கடையில் திருகாணி எண்ணும்போது யாராவது வந்தால் அப்படித்தான் காட்டுவேன், அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பிரகாசியும் பொறுத்துக்கொண்டாள். ஜெபம் அதிகம், கையும் அடிக்கடி எழும்பியது. கொஞ்ச நாளில் தட்டுவது குறைந்தது. பிறகு நின்றே போயிற்று. ஜெபம் பலித்து வீட்டில் அமைதி வந்தது என்று நினைத்தேன் மச்சான். அந்தோனியாருக்கு மெழுகுவத்திகூட ஏற்றினேன்.

ஈஸ்டர் முடிந்து தாளைச் சாமியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். “நல்லா இருக்கு ஐயா. அம்மா எங்க?” என்றார்.

“ஜைனப் கூட இருக்கா சாமி” என்றேன்.

“அது சரி. இந்தத் தாள்ல எங்க?”

தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் ஏப்ரல் மாதம்தான் இருந்தது. அவளால் ஒரு தொந்தரவும் இல்லை, இப்போதெல்லாம் தட்டுவதுகூட இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “எப்ப இருந்து தட்டல?” என்று கேட்டார். நான் தாளை மடிக்கத் தொடங்கினேன்.

பிறகு அவர் ஒன்று சொன்னார். பழைய மடங்களில் மணி அடித்தால், எழுதிக்கொண்டிருக்கிற துறவி கையிலிருக்கிற எழுத்தைக்கூட முடிக்காமல் எழுந்து போவாராம். எனக்கு நம் கோயில் மணியடிக்கிற மிக்கேல் ஞாபகம் வந்தது. பாதி மீசை எடுத்திருக்கும்போது மணி நேரம் வந்ததென்று ஓடினாரே, திரும்பி வருவதற்குள் முடிவெட்டுகிறவர் கடையைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்விட, ஒற்றை மீசையோடு கல்யாண விருந்தில் உட்கார்ந்தாரே, அதைச் சொன்னேன். சாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். “அந்த ஆளுக்கு ஒழுங்கு தெரிஞ்சிருக்கு. உங்க வீட்டு மணி அந்த டம்ளர்தான் ஐயா” என்றார். முறிந்த பத்துக்கு என்ன செய்வது என்று கேட்டேன். “மாதா கோவிச்சுக்க மாட்டாங்க. பிள்ளை அழுதா அவங்களும் ஜெபத்துல இருந்து எந்திரிச்சுப் போனவங்கதானே” என்றார்.

வீட்டுக்கு வந்து ஜைனபிடம், உனக்காவது தட்டுகிறாளா என்று கேட்டேன். “தட்டாம? நீங்க லிஃப்ட்ல இறங்கினதும் ஆரம்பிச்சிடுவாங்க. உங்களுக்குத்தான் தட்டமாட்டேங்குறாங்க அண்ணே” என்றாள். ஈஸ்டர் அன்று பிரகாசி உங்களுக்கு ஏன் தலையாட்டினாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

பழைய தாளை எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டியிருக்கிறேன். முதல் வரி, பிரகாசி தட்டினால் எழுந்து போவது. அதற்குக் கீழே ஜெபமாலை, ஞாயிறு பூசை, வெள்ளிக்கிழமை அவள் குடிக்கிற கஞ்சியே எனக்கும். அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அதோடு சரி, எனக்கு இன்னும் தட்டவில்லை. நானாகவே போய்ப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். ஜெபமாலையை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்கிறேன். ஒரு பத்தும் முறிவதில்லை. முறியாதது கசக்கிறது. டம்ளரை நல்ல கைப்பக்கம் வைப்பேன், அவள் ஓரமாகத் தள்ளிவிடுவாள். இன்று காலை தள்ளவில்லை.

உங்களுக்கு இதற்கு முன்பும் கடிதம் எழுதினேன் மச்சான். எல்லாம் நடுவில் ஒரு தட்டுக்கூடக் கேட்காமல், கையெழுத்து வரைக்கும் நிம்மதியாக எழுதி முடித்தவை. அப்படி முடிந்ததாலேயே அனுப்ப மனசு வராமல் மேசையில் கிடக்கின்றன. இந்தக் கடிதம் அரைகுறையாக வந்தால் மரியாதைக் குறைவென்று நினைக்கவேண்டாம். அப்படியே மடித்துத் தபாலில் போட்டுவிடுவேன்.

உங்கள் மருமகள் நன்றாகத்தான் பார்த்துக்கொள்வாள், எனக்குச் சந்தேகமில்லை. நான் கேட்பது ஒன்றுதான். மாதா திருவிழாக் கொடியேற்றத்தன்று வீடியோவில் வந்து பிரகாசியிடம் இன்னொரு தடவை கேளுங்கள். நான் அறையில் இருக்கமாட்டேன், ஜைனப் போனைப் பிடித்துக்கொள்வாள். அப்போதும் தலையாட்டினால் டிக்கெட் போட்டு நானே கூட்டிவந்து உங்கள் வாசலில் விடுகிறேன்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் தோத்திரம் சொல்லுங்கள். மாதா உங்கள் வீட்டுக்கு ஒரு குறையும் வைக்காமல், கேட்காத காதுக்கும் பேசாத வாய்க்கும் ஒரு வழி திறக்